உயரம் வேறு, பெருமை வேறு

 



அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் 1970களின் முற்பகுதியில் எழுந்த சீயர்ஸ் கோபுரத்தை நம்மில் அநேகர் கேள்விப்பட்டிருப்போம். 110 மாடிகளும் 442 மீட்டர் உயரமும் கொண்டது அது. நமது கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரம் எழுந்து அதை முந்தும்வரை, இருபது ஆண்டுகளுக்கு மேலாக உலகிலேயே மிக உயரமான கட்டடம் என்ற பெயர் அதற்கே இருந்தது. 2009ஆம் ஆண்டு முதல் அதை வில்லிஸ் கோபுரம் என்று அழைக்கிறார்கள். அந்தக் கோபுரம் எந்தக் காற்றுக்கும் சாயாமல் நிற்கும் வகையை வகுத்துக் கொடுத்த எஞ்சினீயர், டாக்கா நகரத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். பெயர் பஸ்லுர் ரஹ்மான் கான். 2009ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்க அதிபர் ஒபாமா கெய்ரோவில் பேசும்போது, தம் நாட்டு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டுகளை எண்ணிக் காட்டினார். அந்நாட்டின் மிக உயரமான கட்டடத்தை எழுப்பியதும் அவற்றுள் ஒன்று. இவருடைய பெயரை அவர் சொல்லவில்லை. ஆயினும் அந்தச் சொல் இவரையே சுட்டியது.

இத்தகைய ஒருவரைப் பற்றிக் கேட்டவுடன் 'நம்மவர், நம்மவர்' என்று மார்தட்டிக்கொள்வது எளிது. ஆனால் மார்க்கம் அறிந்தவர் எவரேனும் இந்த இடத்தில் நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கக்கூடும். மறுமை நாளின் அடையாளங்கள் யாவை என்று வினவப்பட்டபோது, வெறுங்காலோடு ஆடு மேய்த்துத் திரிந்தவர்கள் உயரமான கட்டடங்களைக் கட்டுவதில் ஒருவரோடொருவர் போட்டியிடுவதையும் அவற்றுள் ஒன்றாக நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்தார்கள் அன்றோ? மேடான இடங்களிலெல்லாம் வீணுக்காகச் சின்னங்களை எழுப்பிய ஆது கூட்டத்தாரை நபி ஹூது (அலை) அவர்கள் கண்டித்ததைத் திருமறையின் ஷுஅரா அத்தியாயம் சொல்கிறதன்றோ? அவ்வாறிருக்க, வானளாவும் கட்டடங்களுக்கு வழி வகுத்தவரை ஒரு முஸ்லிம் சங்கத்தின் ஏட்டில் போற்றலாமா?

கேள்வி நியாயமானது. அதைத் தட்டிக் கழிக்காமல், அந்த மனிதர் எதைக் கட்டினார், எப்படிக் கட்டினார், யாருக்காகக் கட்டினார் என்று பார்த்த பிறகே விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

பஸ்லுர் ரஹ்மான் கான் 1929ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 3ஆம் தேதி பிறந்தார். தந்தையார் கணித ஆசிரியர், பாடநூல்கள் எழுதியவர். மகன் கல்கத்தாவை அடுத்த சிப்பூர் எஞ்சினீயரிங் கல்லூரியில் சேர்ந்தார்; பிறகு டாக்காவின் அஹ்ஸனுல்லாஹ் எஞ்சினீயரிங் கல்லூரியில் படிப்பை முடித்தார். 1952ஆம் ஆண்டு அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே மூன்றே ஆண்டுகளில் இரண்டு முதுநிலைப் பட்டங்களும் ஒரு டாக்டர் பட்டமும் பெற்றார்.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். அவர் சொந்தக் காசில் கப்பலேறியவர் அல்லர். அமெரிக்காவின் புல்பிரைட் உதவிச் சம்பளமும், அன்றைய பாக்கிஸ்தான் அரசாங்கத்தின் உதவிச் சம்பளமும் அவருக்குக் கிடைத்தன. ஓர் ஆசிரியரின் மகன் படிப்பதற்கு எவரோ பணம் கொடுத்தார்கள். கொடுத்தவர்களுக்கு அந்தப் பையன் என்ன ஆவான் என்று அன்றைக்குத் தெரியாது. விதைக்கிறவனுக்கு மரத்தின் உயரம் தெரியாது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

இனி அவருடைய வித்தைக்கு வருவோம். எஞ்சினீயரிங் படிக்காத நமக்கும் அது விளங்கக்கூடியதே.

நாலு மாடி, பத்து மாடிக் கட்டடத்துக்கு அதன் சொந்தப் பாரமே பெரிய கவலை. நாற்பது மாடி, நூறு மாடி என்று உயர்ந்துவிட்டால் பாரத்தைவிடக் காற்றே பெரிய கவலையாகிவிடும். பாரம் கீழ்நோக்கி அழுத்துகிறது; காற்றோ பக்கவாட்டில் தள்ளுகிறது. பழைய முறையில் கட்டடத்தின் உள்ளே வரிசை வரிசையாகத் தூண்களை நிறுத்தி, உத்தரங்களோடு இறுகப் பிணைத்து, அந்தக் கூட்டின் பலத்தாலேயே காற்றைத் தாங்கினார்கள். உயரம் கூடக் கூட, அதற்கு வேண்டிய இரும்பு உயரத்தைவிட வேகமாகக் கூடிக்கொண்டே போனது. இருபது மாடிக்கு ஆன செலவை இரட்டித்தால் நாற்பது மாடி கிடைத்துவிடாது. உயரத்துக்கென்று தனியாக ஒரு வரி செலுத்துவதைப் போன்ற நிலைமை அது.

கான் அவர்கள் அந்த முறையை மாற்றினார். காற்றைத் தாங்கும் பலத்தைக் கட்டடத்தின் நடுவில் சிதறவிடாமல் வெளிச்சுவருக்கே கொண்டு வந்தார். வெளிப்புறத் தூண்களை நெருக்கமாக நிறுத்தி, அவற்றை உத்தரங்களால் இறுகச் சேர்த்தால், நான்கு சுவர்களும் ஒன்றாகி ஒரு பெரிய குழாயைப் போல் நிற்கும். மூங்கிலைப் பாருங்கள். உள்ளே வெற்றிடம், பலமெல்லாம் புறத்தில். அதனால்தான் அத்தனை மெலிந்த தண்டு அத்தனை உயரம் வளர்ந்து காற்றுக்கு ஈடுகொடுக்கிறது. இந்தக் குழாய் முறையில் அவர் வகுத்த சிகாகோவின் டிவிட் செஸ்ட்நட் குடியிருப்பு, 43 மாடிகளுடன் 1966ஆம் ஆண்டு நிறைவு பெற்றது. அதற்குப்பின் உலகத்தில் எழுந்த மிக உயரமான கட்டடங்களுள் பல இந்த முறையின் வாரிசுகளே. நமது இரட்டைக் கோபுரத்தையும் வெளிவட்டத் தூண்களும் நடுக்கருவும் சேர்ந்தே தாங்குகின்றன.

அடுத்து ஜான் ஹான்காக் கட்டடம். 100 மாடிகள், 344 மீட்டர். 1969ஆம் ஆண்டு நிமிர்ந்து நின்றது. அதன் வெளிமுகத்தில் பெருக்கல் குறிகளைப் போல மாபெரும் இரும்புச் சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அவை அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. பாரத்தையும் காற்றையும் தாங்கும் எலும்புகளே அவை; எலும்புகளை அவர் மறைக்கவில்லை, அவ்வளவுதான். 1931ஆம் ஆண்டில் நியூயார்க்கில் திறக்கப்பட்ட எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஒரு சதுர மீட்டர் தளத்துக்கு ஏறத்தாழ 206 கிலோ இரும்பு பிடித்தது. ஹான்காக் கட்டடத்தில் அதற்கு ஏறத்தாழ 145 கிலோவே போதுமானதாயிற்று. உயரத்தில் இரண்டும் நூறு மாடி வகையைச் சேர்ந்தவையே.

வர்த்தகப் பெருமக்களே! இந்தக் கணக்கைச் சற்று நின்று பாருங்கள். சரக்கைக் குறைத்து ஆளை ஏமாற்றுகிறவன் ஒருவன். சரக்கை வீணாக்காமல் காரியத்தை முடிப்பவன் இன்னொருவன். முதலாமவன் மோசக்காரன், இரண்டாமவன் கெட்டிக்காரன். கான் அவர்கள் இரும்பைக் குறைத்தது பலத்தைக் குறைத்து அல்ல. பலம் எங்கே வேண்டுமோ அங்கே வைத்து. வேண்டிய இடத்தில் ஓர் இறாத்தலையும் குறைக்கவில்லை. வேண்டாத இடத்தில் ஓர் இறாத்தலையும் கொட்டவில்லை. இஸ்ராப் என்னும் வீண்விரயத்தை நம் மார்க்கம் எவ்வளவு கடுமையாகத் தடுக்கிறது என்பதை யாவரும் அறிவர். உளூச் செய்யும் தண்ணீரில்கூட விரயம் கூடாது என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். விரயமின்மையை ஒரு மனிதர் 100 மாடிக் கட்டடத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். நம்முடைய கடையில், கல்யாணத்தில், கந்தூரியில் அந்தக் கணக்கு எப்படியிருக்கிறது?

சீயர்ஸ் கோபுரத்தில் அவர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். ஒரே குழாயை 110 மாடிக்கு நீட்டாமல், பக்கத்துக்கு 75 அடி கொண்ட ஒன்பது சதுரக் குழாய்களை மூன்று மூன்றாக ஒட்ட வைத்து ஒரே கொத்தாகக் கட்டினார். ஒன்பதும் கடைசிவரை ஏறவில்லை. இரண்டு குழாய்கள் 50ஆவது மாடியில் நின்றுவிடும். இரண்டு 66ஆவது மாடியில் நிற்கும். மூன்று 90ஆவது மாடியில் நிற்கும். எஞ்சிய இரண்டே உச்சிக்குச் செல்லும். கீழே நின்றுவிட்டவை வீணாகி விட்டனவா? இல்லை. அவை தோள் கொடுப்பதால்தான் இரண்டும் உச்சிவரை போக முடிகிறது. ஜமாஅத்து என்பதும் இதுதான். ஒரு ஜமாஅத்தில் எல்லாரும் உச்சிக்குப் போவதில்லை. சிலர் கல்லாப்பெட்டியோடு நின்றுவிடுகிறார்கள்; சிலர் கிடங்கோடு நின்றுவிடுகிறார்கள். அவர்கள் ஒட்டி நின்றால் இரண்டு பிள்ளைகள் மேலே ஏறலாம். விலகி நின்றால் எந்தத் தனிக்குழாயும் அந்தக் காற்றைத் தாங்காது.

கானும் தனியாக நின்றவர் அல்லர். இந்த இரண்டு கோபுரங்களையும் ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்டு மெரில் என்னும் ஸ்தாபனத்தில், புரூஸ் கிரஹாம் என்னும் கட்டடக் கலைஞரோடு தோளோடு தோள் சேர்ந்து உருவாக்கினார். வேறு நாட்டவர், வேறு மதத்தவர் என்பது அந்தக் கூட்டுக்குத் தடையாகவில்லை. பல இனத்தவரோடு வாழ்ந்து வர்த்தகம் செய்யும் நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அவருடைய சிரத்தைக்கு ஒரு சான்று. உயரமான கட்டடம் காற்றில் சிறிது ஆடத்தான் செய்யும். ஆட்டத்தால் கட்டடம் விழாது. ஆனால் உள்ளே குடியிருப்பவருக்குத் தலை சுற்றினால் என்ன செய்வது? ஹான்காக் கட்டடத்தின் மேல்மாடிகளில் குடும்பங்கள் குடியிருக்கப் போகின்றன. ஆகவே அவர் காகிதக் கணக்கோடு நிற்கவில்லை. சிகாகோவின் பொருட்காட்சிச் சாலை ஒன்றில் இருந்த சுழல் மேடையில் ஆட்களை ஏற்றி, எவ்வளவு அசைவை மனித உடம்பு உணர்கிறது என்று சோதித்துப் பார்த்தார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மேல் பொறுப்புச் சாட்டு என்ற நபிவழிப் போதனையை நாம் அடிக்கடி சொல்கிறோம். கயிறு அறுபடுமா என்று இழுத்துப் பார்ப்பதும் அந்தக் கட்டுதலில் சேர்ந்ததே. தராசை நேராகப் பிடிப்பது வியாபாரியின் அமானத் என்றால், தாம் காணாத ஒருவர் மேல்மாடியில் நிம்மதியாகத் தூங்குவது எஞ்சினீயரின் அமானத் ஆகும்.

1971ஆம் ஆண்டு அவருடைய பிறந்த மண்ணில் போர் மூண்டு, மக்கள் இலட்சக்கணக்கில் அகதிகளானார்கள். சீயர்ஸ் கோபுர வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலம் அது. புகழின் உச்சியில் இருந்த அவர் 'எனக்கு வேலை இருக்கிறது' என்று ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. சிகாகோவில் வங்காள மக்களைத் திரட்டி, அல்லலுற்றவர்களுக்காக நிதி சேர்க்கும் அமைப்பை நிறுவி, அதற்குத் தலைமை தாங்கினார். வங்கதேசம் அவர் மறைந்த பிறகு, 1999ஆம் ஆண்டு, தன் உயர்ந்த விருதாகிய சுதந்திரதின விருதை அவருக்கு வழங்கியது.

இனி, நம் நெஞ்சுக்கு மிகவும் நெருக்கமான அவருடைய வேலைக்கு வருவோம்.

பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நம் பாட்டனார்கள் கப்பலேறி, வாரக்கணக்கில் கடலில் மிதந்து ஜித்தாத் துறைமுகத்தில் இறங்கிய காலம் ஒன்று இருந்தது. பிறகு விமானம் வந்தது. 1970களில் ஹாஜிகள் கப்பலை விட்டு விமானத்துக்கு மாறினார்கள். ஹஜ்ஜுக் காலத்தின் சில வாரங்களில் மட்டும் பல நாட்டு மக்கள் இலட்சக்கணக்கில் ஜித்தாவில் வந்து இறங்குவார்கள்; மற்ற மாதங்களில் அவ்வளவு கூட்டம் இராது. இஹ்ராம் அணிந்தவர்கள், முதியவர்கள், பிணியாளர்கள், முதல் முறையாக விமானம் ஏறியவர்கள் பாலைவன வெயிலில் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அத்தனை பேருக்கும் எப்படி நிழல் கொடுப்பது?

உலகத்திலேயே மிக உயரமான கட்டடத்தை எழுப்பியவர் இங்கே கோபுரம் எழுப்பவில்லை. கூடாரம் போட்டார்! ஜித்தா மன்னர் அப்துல் அஸீஸ் விமான நிலையத்தின் ஹஜ்ஜு முனையம் 1981ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஒவ்வொன்றும் பக்கத்துக்கு 45 மீட்டர் கொண்ட 210 கூடாரங்கள். கண்ணாடி நூலிழையால் நெய்து, மேலே டெஃப்லான் பூசிய வெண்ணிறத் துணி. அதை உயர்ந்த இரும்புத் தூண்களிலிருந்து கம்பிவடங்கள் இழுத்துப் பிடிக்கின்றன. வெயிலின் பெரும்பகுதியைத் துணி திருப்பி அனுப்பிவிடுகிறது. வெளிச்சம் மட்டும் மென்மையாக இறங்குகிறது. சூடான காற்று கூடாரத்தின் உச்சித் திறப்பு வழியே வெளியேற, பக்கங்களிலிருந்து காற்று உள்ளே வருகிறது. திறந்த வெளியில் கிடக்கும் அத்தனை பெரிய பரப்புக்கு இயந்திரக் குளிரூட்டல் தேவைப்படவில்லை. ஒரே சமயத்தில் 80,000 ஹாஜிகள் தங்க இடமுண்டு. பலர் கூடி உழைத்த அந்த வேலைக்கு 1983ஆம் ஆண்டு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

நமது ஹாஜிகள் அங்கே இறங்கி அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள். அந்த நிழலைக் கணக்குப் போட்டவர் யார் என்று எத்தனை பேர் கேட்டிருப்போம்?

விருது வந்தபோது அவர் இவ்வுலகில் இல்லை. 1982ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27ஆம் தேதி, அதே ஜித்தாவில், மாரடைப்பால் வஃபாத்தானார். ஐம்பத்து மூன்று வயது நிறைய இன்னும் ஏழு நாட்கள் இருந்தன. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவரைச் சிகாகோவில் அடக்கம் செய்தார்கள். ஒருவருடைய உள்ளத்தின் கணக்கை அல்லாஹ் ஒருவனே அறிவான். அதை எழுதும் அதிகாரம் நமக்கில்லை. ஆயினும் அவருடைய கைவேலையின் நிழலில் ஆண்டுதோறும் 'லப்பைக்' முழங்குகிறது என்பதை நாம் கண்ணால் காண்கிறோம்.

சகோதரர்களே! இப்போது நாம் கேட்ட கேள்விக்கு விடை சொல்லலாம். நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தது கல்லையும் இரும்பையும் அல்ல; போட்டியையும் பெருமையையும். 'உன் வீட்டைவிட என் வீடு உயரம்' என்று சொல்லும் நெஞ்சைத்தான் அந்த எச்சரிக்கை குத்துகிறது. ஆது கூட்டத்தாரைக் கண்டித்த சொல்லும் வீணுக்குக் கட்டுவதைக் கண்டித்ததே அன்றி, கட்டுவதை அல்ல. மூன்று மாடிக் கடையை அக்கம்பக்கத்தாரைத் தாழ்த்திக் காட்டக் கட்டினால் அது அந்த எச்சரிக்கைக்குள் அடங்கும். மனிதர் குடியிருக்க, தொழில் நடக்க, ஹாஜி இளைப்பாற, விரயமின்றியும் பொறுப்போடும் கட்டுவது வேறு. கட்டச் சொன்ன முதலாளிகளின் எண்ணம் எதுவாயினும் அது அவர்கள் கணக்கில். கட்டியவர் தம் கணக்கில் வைத்துச் சென்றது இரும்பில் சிக்கனம், மனிதர் மேல் கவலை, ஹாஜிக்கு நிழல். ஆகவே அவரைப் போற்றலாம். ஆனால் அவருடைய உயரத்தைச் சொல்லி நாம் பெருமையடித்தால், அந்த எச்சரிக்கை அவரை விட்டுவிட்டு நம்மைப் பிடித்துக்கொள்ளும்!

ஏனெனில் அந்த உயரத்தில் நம் பங்கு என்ன? அவர் படிப்புக்கு நாம் ஒரு காசு கொடுத்தோமா? கொடுக்கவில்லை. அப்படியானால் அவரைக் கொண்டாட நமக்கு ஒரே வழிதான் இருக்கிறது. இன்றைக்கு நம்மிடையே இருக்கும் அடுத்த பையனுக்கும் அடுத்த பெண்ணுக்கும் கொடுப்பதே அது.

மரணத்துக்குப் பின்னும் நின்றுவிடாத நன்மைகளாக நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்தவை மூன்று: நிலைத்து ஓடும் தருமம், பயன் தரும் கல்வி, பெற்றோருக்காகத் துஆச் செய்யும் நல்ல பிள்ளை. ஓர் ஏழை மாணவனின் படிப்புச் செலவை ஏற்பவனுக்கு முதல் இரண்டும் ஒரே கொள்முதலில் கிடைக்கின்றன. அந்தப் பிள்ளை நன்றியோடு கையேந்தினால் ஒரு துஆவும் சேர்கிறது. இதைவிட இலாபமான வியாபாரத்தை எந்தச் சந்தையில் காண்போம்?

நம் முன்னோருக்கு இந்த வியாபாரம் தெரிந்திருந்தது. பினாங்கில் 1801ஆம் ஆண்டிலும், சிங்கப்பூரில் 1826ஆம் ஆண்டிலும் சூலியா வர்த்தகர்கள் பள்ளிவாசல் அமைத்தபோது, அவர்கள் சொந்த வீடுகள் எத்தனை மாடி இருந்தன என்று இன்று எவருக்கும் தெரியாது. பள்ளிவாசல் மட்டும் நிற்கிறது. தொழுகைக்கு இடம் கொடுத்தார்கள் அவர்கள். அறிவுக்கு இடம் கொடுப்பது நம் தலைமுறையின் முறை.

எனவே நாம் வேண்டிக்கொள்வது இதுதான். வருட முடிவில் ஐந்தொகை போட்டு ஸக்காத்துக் கணக்கைப் பிரிக்கும்போது, அதற்குரியவர்களுள் படிக்கும் ஏழைப் பிள்ளையும் இருப்பதை மறவாதீர்கள். கல்யாண விருந்தில் ஒரு தட்டைக் குறைத்து, அந்தப் பணத்தை ஜமாஅத்தின் கல்வி நிதியில் சேருங்கள். கடையில் வேலை செய்பவரின் மகன் கணக்கில் கெட்டிக்காரன் என்று கேள்விப்பட்டால், 'இவனும் நாளைக்குக் கடைக்குத்தான்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதலாளியின் மகனுக்குக் காட்டும் அக்கறையில் பாதியை அவனுக்கும் காட்டுங்கள். கொடுத்தவுடன் கோபுரத்தை எதிர்பார்க்காதீர்கள். டாக்காவிலிருந்து புறப்பட்ட அந்த மாணவர் அமெரிக்கா சென்றதிலிருந்து, ஜித்தாவில் கூடாரம் விரிய 29 ஆண்டுகள் ஆயின. கொடுத்தவர்களுள் எத்தனை பேர் அதைக் காண உயிரோடு இருந்தார்களோ! கூலி மட்டும் குறைந்திருக்காது.

யா அல்லாஹ்! உன் வீட்டை நாடி வந்தவர்களுக்கு நிழல் செய்த உன் அடியார் பஸ்லுர் ரஹ்மான் கானின் பிழைகளைப் பொறுத்து, வேறு நிழலே இல்லாத அந்நாளில் உன் நிழலை அவருக்குத் தந்தருள்வாயாக! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள அறிவைக் கொடுப்பாயாக! எங்கள் செல்வத்தைப் பெருமைக்குச் செலவாக்காமல், உன் அடியார்களுக்கு நிழலாக்கி வைப்பாயாக!

ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.